உடம்புக்குள் சூடு எப்படிப் பரவுகிறது: கணினி மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரலில் இருக்கும் புற்றுக்கட்டியை ஊசி செலுத்திச் சுட்டு அழிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அந்த ஊசியைச் சுற்றி எவ்வளவு தூரம் சூடு பரவும் என்று கணினியில் கணக்கிடுவது என் வேலையில் ஒரு பகுதி. இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் மூன்று வகை: இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் பொறியியல் மாணவர்கள், கணக்கை அவ்வளவு லேசில் நம்பாத மருத்துவர்கள், கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கலாமா என்று விசாரிக்கும் சொந்தக்காரர்கள். மூன்று தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

தெர்மாமீட்டர் வைத்து அளந்தால் போதாதா? கணினி எதற்கு?

தெர்மாமீட்டருக்குத் தன் முனை இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். ஊசிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, பித்தக்குழாய் ஓரத்தில் என்ன சூடு என்று தெரிய வேண்டுமானால் அங்கேயும் ஒன்று குத்த வேண்டும். ஒருவருடைய கல்லீரலில் எத்தனை ஓட்டைதான் போடுவது?

சில சோதனைகளை மனிதர்மேல் செய்யவே முடியாது. பேஸ்மேக்கர் வைத்தவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, கம்பியின் முனை எவ்வளவு சூடாகிறது, திசு எப்போது வேகத் தொடங்குகிறது என்று வேடிக்கை பார்க்க முடியுமா? அந்த மாதிரி இடங்களில் கணக்குதான் வழி.

இரும்புக் கம்பியில் சூடு ஓடுவதைக் கணக்கிடும் அதே கணக்குதானே இது?

பாதி அதேதான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் கடத்தப்படும். வெப்பநிலைச் சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகம். பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே 1822-இல் எழுதி வைத்தது, இன்றும் மாறவில்லை.

ஆனால் அதை மட்டும் வைத்து உடம்பைக் கணக்கிட்டுப் பாருங்கள், விஷயம் உடனே இடிக்கும். தசை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி. வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். ஒரு மில்லிமீட்டர் தூரம் சூடு பரவ ஏறத்தாழ 7 விநாடி ஆகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் 70 விநாடி என்று நினைப்போம். அப்படியில்லை, தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. ஏறத்தாழ 12 நிமிடம். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 5 மணி நேரம்! தொடையின் நடுவில் பிறக்கும் சூடு தோலுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆனால், ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர் பாதி வழியிலேயே வெந்துபோவார். அப்படி ஆகாததற்குக் காரணம் ரத்தம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப் போவதும் அதையே சுற்றித்தான் வரும்.

பென்னெஸ் சமன்பாடு என்கிறார்களே, அது என்ன? குறியீடு போடாமல் சொல்ல முடியுமா?

முடியும். முதலில் ஆளைப் பற்றி. ஹாரி பென்னெஸ் ஓர் அமெரிக்க ஆய்வாளர். படுத்த நிலையில் இருந்த ஒன்பது பேரின் முன்னங்கைக்குள், ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுக்கும்படி வெப்பநிலையை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பிகளை இழுத்து, வெளித்தோலிலிருந்து நடுத்தசை வரை வெப்பநிலையைப் பதிவு செய்தார். ஆம், உயிருள்ள கைக்குள்தான். அந்த அளவீடுகளையும், அவற்றை விளக்க ஒரு சமன்பாட்டையும் 1948-இல் வெளியிட்டார்.

அந்தச் சமன்பாட்டை ஒரு மளிகைக் கடைக் கணக்கு நோட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மில்லிமீட்டர் தசைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அக்கம்பக்கத்துத் திசுவிலிருந்து கடத்தலால் வரும் வெப்பம் ஒரு வரி. செல்கள் உணவை எரித்துத் தாங்களே உண்டாக்கும் வெப்பம் இன்னொரு வரி. வெளியிலிருந்து நாம் கொடுப்பது, அதாவது மின்சாரமோ நுண்ணலையோ லேசரோ, மூன்றாவது. நான்காவது வரிதான் பென்னெஸின் பங்கு: ரத்தம். தமனி ரத்தம் 37 டிகிரியில் உள்ளே வருகிறது, அந்த இடத்தின் சூட்டை ஏற்றுக்கொண்டு வெளியே போகிறது. இடம் 37-ஐவிடச் சூடாக இருந்தால் ரத்தம் அதைக் குளிர்விக்கும், குளிர்ந்திருந்தால் சூடேற்றும். எவ்வளவு என்பது இரண்டு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தையும், ஒரு விநாடியில் எவ்வளவு ரத்தம் வருகிறது என்பதையும் பொறுத்தது. நான்கையும் கூட்டினால் அந்தத் துண்டின் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

அவ்வளவுதான் சமன்பாடு. மீதி எல்லாம் அதை லட்சக்கணக்கான துண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் போடும் உழைப்பு. அந்த உழைப்பைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சமன்பாடே தவறு என்று படித்தேனே?

படித்திருப்பீர்கள். நியாயமான குறைதான். ரத்தம் தந்துகிகளில், அதாவது மயிரினும் மெல்லிய கடைசிக் குழாய்களில், வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கிறது என்று பென்னெஸ் எடுத்துக்கொண்டார். உண்மையில் ரத்தம் அவ்வளவு தூரம் போகும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே, சிறு தமனிகளிலேயே சுற்றியுள்ள திசுவின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அது போக, கை கால்களில் தமனியும் சிரையும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. வெளியே போகும் சூடான ரத்தம், திரும்பி வரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. பென்னெஸின் கணக்கில் இதற்கு இடமே இல்லை. 1980-இல் சென்னும் ஹோம்ஸும், 1985-இல் வைன்பாமும் ஜீஜியும் இவற்றைச் சேர்த்துப் புதிய சமன்பாடுகளைத் தந்தார்கள்.

பென்னெஸின் சொந்த அளவீடுகளே அவருடைய சமன்பாட்டோடு பொருந்தவில்லை என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. யூஜின் விஸ்லர் 1998-இல் பழைய தரவுகளை எடுத்து ஒழுங்காக அலசிப் பார்த்து, பொருந்தத்தான் செய்கிறது என்று காட்டினார். ஐம்பது வருடம் கழித்துக் கிடைத்த ஜாமீன்.

என் கட்சி என்னவென்றால், பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இல்லாத இடங்களுக்குப் பென்னெஸ் போதும். பெரிய குழாய் இருந்தால் அதைத் தனிக் குழாயாகவே வரைந்து, அதற்குள் ரத்தம் ஓடுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புதிய சமன்பாடுகள் அழகானவை. ஆனால் அவை கேட்கும் தகவல், அதாவது எந்தக் குழாய் எந்தத் திசையில் எந்த அடர்த்தியில் போகிறது என்பது, ஒரு நோயாளியைப் பொறுத்தவரை யாரிடமும் இருப்பதில்லை.

ரத்தம் ரத்தம் என்கிறீர்கள். அது எவ்வளவு வித்தியாசம் செய்யும்?

ஒரு எண்ணைச் சொல்கிறேன், பிறகு நீங்களே பாருங்கள். திசுவில் ஓர் இடத்தைச் சூடாக்கினால் (அல்லது குளிர்வித்தால்) அதன் பாதிப்பு எவ்வளவு தூரம் எட்டும்? கடத்துதிறனை ரத்தம் வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். ஓய்வில் இருக்கும் தசையில் 100 கிராமுக்கு நிமிடத்தில் 3 மில்லி ரத்தம் ஓடுகிறது என்றால் அந்த நீளம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். மூளையில் 55 மில்லி. நீளம் 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கீழே. கல்லீரலில் 100 மில்லி. 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறுநீரகத்தில் 400 மில்லி; வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்.

இந்த உறுப்புகளின் கடத்துதிறன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அலகில் தண்ணீருக்கு 0.6, தசைக்கு 0.5 சுற்றி, கொழுப்புக்கு மட்டும் 0.2. பெரிதாக மாறுவது ரத்த ஓட்டம் ஒன்றே. ஒரே ஆளின் தோலை எடுத்துக்கொண்டால்கூட, சும்மா இருக்கும்போது தோல் முழுவதற்கும் நிமிடத்துக்கு 300 மில்லி அளவுக்குப் போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 7 லிட்டரைத் தாண்டும். இருபது மடங்குக்கு மேல். எஃகின் கடத்துதிறன் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாறினால் ஒரு இயந்திரப் பொறியாளர் என்ன பாடு படுவார்? எங்கள் பாடு அதுதான்.

எண்களை எங்கிருந்து எடுப்பது?

சூரிச்சில் உள்ள இட்டிஸ் அறக்கட்டளை திசுப் பண்புகளின் தரவுத்தளத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. அடர்த்தி, தன்வெப்பம், கடத்துதிறன், ரத்த ஓட்டம், மின் பண்புகள் எல்லாம் அதில் கிடைக்கும். ஒரே திசுவுக்கு வெவ்வேறு ஆய்வுகள் கொடுத்த மதிப்புகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் பாருங்கள். சராசரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

உடம்பின் வடிவத்துக்கு: அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் ஓர் ஆணின் உடலை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சீவி எடுத்த படங்களை வெளியிட்டது. டெக்சஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட, உடலைத் தானம் செய்த ஒருவர். 1995-இல் ஒரு பெண்ணின் உடல், இன்னும் மூன்று மடங்கு மெல்லிய சீவல்களில். பிறகு எம்ஆர்ஐ படங்களிலிருந்து டியூக், எல்லா, பில்லி, தெலோனியஸ் என்று ஒரு கணினிக் குடும்பமே வந்துவிட்டது. பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர்.

ஆட்டு ஈரல் வாங்கி அளந்தால் சரியாக வருமா?

கடத்துதிறன் வரும். ரத்த ஓட்டம் சுழியம்தான் வரும்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது எங்கே?

அலகில். ரத்த ஓட்டத்தை மருத்துவ நூல்கள் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு மில்லிலிட்டர் என்று கொடுக்கும். மென்பொருள் ஒரு விநாடிக்கு இவ்வளவு பங்கு என்று கேட்கும். இன்னொரு மென்பொருள் கன மீட்டருக்கு விநாடிக்குக் கிலோகிராம் என்று கேட்கும். கல்லீரலின் 100 மில்லி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 0.017. நான் ஆரம்ப காலத்தில் ஒரு தடவை 60-ஆல் வகுக்க மறந்துவிட்டேன். கணினியில் ஊசி என்ன செய்தும் கல்லீரல் சூடாகவே இல்லை. ஊசியின் வடிவத்தைச் சந்தேகப்பட்டேன், மின்னழுத்தத்தைச் சந்தேகப்பட்டேன், மென்பொருளைத் திரும்ப நிறுவினேன். மூன்று நாள் போயிற்று. ஒரு விநாடிக்குள் தன் எடைக்குச் சமமான ரத்தத்தைக் குடிக்கும் கல்லீரலை உருவாக்கி வைத்திருந்தேன்!

என் லேப்டாப்பில் ஓடுமா? எவ்வளவு நுணுக்கமாக வெட்ட வேண்டும்?

ஒரு கட்டியும் ஒரு ஊசியும் என்றால் தாராளமாக ஓடும். முழு உடம்பை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால், 70 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 7 கோடி கட்டம் வரும். அதற்குக் கொஞ்சம் பலமான கணினி வேண்டும்.

கட்டத்தைப் பாதியாக்கினால் இரண்டு மடங்கு வேலைதானே என்று நினைக்கக் கூடாது. மூன்று திசையிலும் பாதியாவதால் கட்டங்கள் 8 மடங்கு. எளிய முறையில் கணக்கிட்டால் காலப்படியையும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே விடும் நேரத்தையும், நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஆக 32 மடங்கு. ஒரு மில்லிமீட்டர் கட்டத்துக்கு முப்பரிமாணத்தில் காலப்படி 1.2 விநாடியைத் தாண்டக் கூடாது. அரை மில்லிமீட்டருக்கு 0.3 விநாடி. தாண்டினால் என்ன ஆகும் என்று ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒரு கட்டம் ஆயிரம் டிகிரி, பக்கத்துக் கட்டம் மைனஸ் ஆயிரம் என்று பேயாட்டம் ஆடும். மறக்கவே மாட்டீர்கள்.

தோல்தான் சிக்கலான இடம். மேல்தோலின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டர்தான். தீக்காயம் பற்றிய கணக்கில் ஒரு மில்லிமீட்டர் கட்டம் வைத்தால் மேல்தோல் மாதிரிக்குள் இருக்கவே இருக்காது. அங்கே மட்டும் பொடியாகவும், உள்ளே போகப் போகப் பெரிதாகவும் வெட்டுவார்கள்.

எந்த மென்பொருள்?

காசு இருந்தால் காம்சோல், ஆன்சிஸ், சிம்4லைஃப். இல்லாவிட்டால் ஃபின்லாந்தின் எல்மர், ஓப்பன்ஃபோம், ஃபெனிக்ஸ் ஆகியவை இலவசம். புராஜெக்ட் அளவுக்குப் பைத்தானில் நூறு வரி எழுதினால் போதும். சொந்தமாக ஒருமுறை எழுதியவருக்குத்தான் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் தவறான படத்தைக் காட்டும்போது சந்தேகம் வரும்.

தோலுக்கு வெளியே இருக்கும் காற்றை எப்படிச் சேர்ப்பது?

மாணவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் பார்த்த எண்களை அப்படியே போடும் இடம் இது: அறை 25 டிகிரி, தோலிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 10 வாட் வெளியேறும். அசைவற்ற காற்றில் இது நல்ல எண்தான். அதில் பாதிக்குமேல் கதிர்வீச்சால் போவது. ஆனால் மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத அறை 34 டிகிரியில் இருக்கும். தோலும் ஏறக்குறைய 34. வித்தியாசம் சுழியம் என்றால் இந்த வழியில் போகும் வெப்பமும் சுழியம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறார். அது முழுவதும் வியர்வை ஆவியாவதால்தான் போக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 150 மில்லி. வியர்வையைச் சேர்க்காத மாதிரி நம் ஊர்க் கோடைக்கு உதவாது. காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், அதையும் சேர்க்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் திசு சாகும்?

டிகிரியை மட்டும் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-இல் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் சோதித்துக் கண்டது: 44 டிகிரியில் தோல் புண்ணாக 6 மணி நேரம் ஆகும், 60 டிகிரியில் 5 விநாடி போதும்.

சிகிச்சைக் கணக்குகளில் அதிகம் புழங்குவது சபரெட்டோவும் டூயியும் 1984-இல் கொடுத்த விதி. எந்தச் சூட்டையும் 43 டிகிரியில் இத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று மாற்றிவிடலாம். 43-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவைப்படும் நேரம் பாதியாகும். கட்டியை அழிக்க 43-இல் 240 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 50 டிகிரியில் 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 56 டிகிரியில் 2 விநாடிக்கும் குறைவு.

இன்னொரு வழி, வேதி வினையின் வேகத்தைப் போல அடுக்குக்குறியில் கணக்கிடுவது. ஹென்ரிக்ஸ் தோலுக்குக் கொடுத்த முன்னெண், 3.1-ஐப் பத்தின் 98-ஆவது அடுக்கால் பெருக்கியது. பார்த்தால் தலை சுற்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கூடவே வரும் கிளர்வு ஆற்றலை, அதாவது வினை தொடங்கத் தேவையான ஆற்றலை, ஒரே ஒரு சதவீதம் தவறாகப் போட்டாலும் விடை ஏறக்குறைய பத்து மடங்கு மாறும். அதனால் முன்னெண்ணை ஒரு கட்டுரையிலிருந்தும் ஆற்றலை இன்னொரு கட்டுரையிலிருந்தும் எடுக்காதீர்கள். இரண்டும் ஜோடியாகத்தான் வர வேண்டும்.

கல்லீரல் கட்டியைச் சுடும் சிகிச்சையில் மாதிரி எப்படி உதவுகிறது?

இதுதான் என் வயல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரேடியோ அலை முறையில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் நிறுத்தி, விநாடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் முறை திசைமாறும் மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். அவ்வளவு வேகத்தில் மாறும் மின்சாரம் நரம்பைத் தூண்டாது, திசுவைச் சூடாக்க மட்டும் செய்யும். கட்டியோடு அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல திசுவும் சேர்ந்து வேக வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் தப்பிய செல்களிலிருந்து கட்டி திரும்ப வளரும்.

மின்சாரம் நேரடியாகச் சூடாக்குவது ஊசிக்கு மிக அருகில்தான். அதற்கப்பால் கடத்தலால்தான் சூடு போகிறது. கல்லீரலில் அந்தத் தூரம் 3 மில்லிமீட்டர்தானே என்று மேலே சொன்னோம். அப்படியானால் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு எப்படி வேகிறது? வெந்த பகுதியில் குழாய்கள் உறைந்து ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தம் நின்ற இடம் குளிர்வதை நிறுத்துகிறது, சூடு அடுத்த அடுக்குக்கு முன்னேறுகிறது. சேதம் எல்லையைத் தாண்டிய கட்டங்களில் ரத்த ஓட்டத்தைச் சுழியமாக்கு என்ற ஒரு வரியை நிரலில் விட்டுவிட்டால், கட்டி வேகவே வேகாது என்று கணினி அடித்துச் சொல்லும்.

சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் சீக்கிரம் முடியுமே என்றால் அதுவும் நடக்காது. 100 டிகிரியில் திசுவின் தண்ணீர் கொதித்து ஆவியாகும். காய்ந்து கருகிய திசு மின்சாரத்தைக் கடத்தாது. ஊசியைச் சுற்றி ஒரு கரி உறை மாட்டிக்கொண்ட கதை. அதனால்தான் பல ஊசிகளுக்குள் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். சுடுவதற்குக் குளிர்விப்பது வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

அப்புறம் பெரிய குழாய்கள். கட்டிக்கு அருகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள சிரை ஓடினால், ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிய மாதிரி. குழாயை ஒட்டிய பகுதி வேகாமல் தப்பும். வேண்டுமானால் அறுவை அரங்கில் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தினால் வெந்த பகுதி பெரிதாவதைக் கண்ணால் பார்க்கலாம். ரத்தத்தின் பங்குக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, சுருங்கி இறுகிய கல்லீரலுக்குள் வளரும் கட்டிக்கு அந்த இறுகிய திசுவே அடுப்புச் சுவராக நின்று சூட்டை உள்ளே பிடித்துவைக்கும்.

இதெல்லாம் தெரிந்தும், இந்த நோயாளியின் இந்தக் கட்டிக்கு இன்றைக்கு எவ்வளவு ரத்தம் வருகிறது என்பது துல்லியமாகத் தெரியாது. அதனால் நான் ஒரு விடை கொடுப்பதில்லை. ரத்த ஓட்டத்தைப் பாதியாக்கி ஒன்று, இரட்டிப்பாக்கி ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று ஓட்டம் ஓட்டி மூன்று எல்லைக் கோடுகளை வரைந்து கொடுப்பேன். மருத்துவர்களுக்கு முதலில் இது பிடிக்காது. ஒரே ஒரு கோட்டை அழகாக வரைந்து தருபவரைத்தான் நான் நம்பமாட்டேன்.

மாதிரி சொன்னது நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது?

எம்ஆர்ஐ ஒரு நல்ல வழி. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அதிர்வெண், ஒரு டிகிரி ஏறினால் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். அந்த நுண்ணிய மாற்றத்தை வைத்து, ஊசி குத்தாமலே உள்ளே இருக்கும் வெப்பநிலையை வரைபடமாக எடுக்கலாம். கொழுப்பில் இந்தத் தந்திரம் எடுபடாது.

கைபேசி மூளையைச் சூடாக்குமா?

மிகக் கொஞ்சம். கைபேசி அலையிலிருந்து உடம்பு ஏற்கும் ஆற்றலுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து உள்ள வரம்பு, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். ரத்த ஓட்டத்தை வைத்து நாமே கணக்கிடலாம்: மூளையில் கிலோவுக்கு ஒரு வாட் சீராக விழுந்தால் ரத்தம் அதை 0.03 டிகிரி ஏற்றத்தோடு நிறுத்திவிடும். அதே ஒரு வாட் ஓய்வில் இருக்கும் தசையில் விழுந்தால் அரை டிகிரி ஏறும். பேசும்போது காது சூடாவது முக்கியமாகக் கருவியின் சொந்தச் சூட்டாலும், அது காதைப் போர்த்தி மூடுவதாலும்தான். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். அதற்குக் காரணம் மூளை அல்ல, மூச்சுவிட இடமில்லாமல் சூடேறும் பேட்டரி.

அப்படியானால் ரத்தம் ஓடாத உறுப்பு எது?

கண்ணின் லென்ஸும் கருவிழிக்கு முன்னாலிருக்கும் ஒளிபுகும் படலமும். அங்கே ரத்தக்குழாய் ஓடினால் நமக்குப் பார்வை ஏது! ஆனால் அதற்கான விலை, சூடானால் குளிர்விக்க ஆளில்லை. கண்ணாடி உலையில் வேலை செய்தவர்களுக்குக் கண்புரை வந்ததை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் லாகன்டெய்க் 1982-இல் முயலின் கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் வெப்பநிலை மாதிரி செய்தார். மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் கண்தான்: சிறிய உறுப்பு, வடிவம் ஒழுங்கானது, ரத்தத் தலைவலி குறைவு.

தோலின் வெப்பப் படத்தை வைத்து மார்பகக் கட்டியைக் கண்டுபிடிக்கலாமா? விளம்பரம் பார்த்தேன்.

அதை மட்டும் நம்ப வேண்டாம். கட்டியிலிருந்து தோலுக்குச் சூடு எப்படி வரும் என்று முன்னோக்கிக் கணக்கிடுவது எளிது. தோலின் சூட்டிலிருந்து கட்டியைத் தேடிப் பின்னோக்கிப் போவது வேறு விஷயம். ஆழத்தில் உள்ள பலமான சூடும், மேலாக உள்ள லேசான சூடும் தோலில் ஏறக்குறைய ஒரே படத்தைத் தரும். ஆழம் கூடினால் தடயமே மங்கிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெப்பப் படம் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) மாற்றல்ல என்று வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. ஆய்வுக்கு நல்ல தலைப்பு, வீட்டில் உள்ளவர்களின் பரிசோதனைக்கு மேமோகிராம்தான்.

காய்ச்சல், வெயில் தாக்கம் மாதிரியானவற்றை இப்படிக் கணக்கிடலாமா?

அதற்கு வேறு வகை மாதிரி. ஸ்டோல்விக் 1971-இல் நாசாவுக்காகச் செய்தது புகழ்பெற்றது. உடம்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உட்பகுதி, தசை, கொழுப்பு, தோல் என நான்கு அடுக்கு, கூட நடுவில் ரத்தம் ஒன்று. மொத்தம் 25 முடிச்சு. அதில் வடிவம் முரட்டுத்தனமானது, ஆனால் வியர்ப்பதும் நடுங்குவதும் குழாய் விரிவதும் உள்ளே உண்டு. நான் செய்யும் மாதிரிகளில் வடிவம் அழகாக இருக்கும், ஆனால் ஆள் வியர்ப்பதே இல்லை.

சரி, முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

ஒரு நேர்கோட்டில், தோலிலிருந்து உள்ளே பத்து சென்டிமீட்டர் தசை. கட்டம் ஒரு மில்லிமீட்டர், காலப்படி 2 விநாடி (ஒரு பரிமாணத்தில் 3.5 விநாடி வரை தாங்கும்). தோலை 33 டிகிரியில் பிடித்து வையுங்கள். உள்முனையையும் தமனி ரத்தத்தையும் 37-இல் வையுங்கள். செல்களின் சொந்த வெப்பத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ரத்த ஓட்டம் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 3 மில்லி, அதாவது விநாடிக்கு 0.0005. கணினி நேரத்தில் நான்கைந்து மணி ஓடவிட்டால் மாற்றம் நின்றுவிடும். அப்போது ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் 34.9, இரண்டில் 35.8 அல்லது 35.9, மூன்றில் 36.4 வர வேண்டும். வந்தால் நிரல் சரி. வராவிட்டால் முதலில் அந்த 60-ஐப் பாருங்கள்.